சிப்பில் எழுத ஒரு மலிவுப் பேனா

மைக்ரோகன்ட்ரோலர் புரோகிராமர் வாங்கக் கிளம்புபவர்கள் விலையை முதலில் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு.

மும்பை கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கிச் சற்று நடந்தால் லாமிங்டன் ரோடு. பெயர்ப்பலகையில் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று இருக்கும். யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஜனவரி பிறந்துவிட்டால் இங்கே பொறியியல் கல்லூரி மாணவர்கள் கூட்டம். இறுதியாண்டு புராஜெக்ட் சீசன். பெங்களூரின் எஸ்.பி. ரோடு, டெல்லியில் செங்கோட்டைக்கு எதிரே உள்ள லஜ்பத் ராய் மார்க்கெட், சென்னை ரிச்சி தெரு, எல்லா இடத்திலும் இதே காட்சிதான்.

கவுன்ட்டரில் ஒரு மாணவர் பென் டிரைவை நீட்டுகிறார். "பையா, கோட் டம்ப் கர்னா ஹை." கடைக்காரர் சிப்பை வாங்கிச் சாக்கெட்டில் செருகுகிறார். கம்ப்யூட்டரில் இரண்டு கிளிக். அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. கூலியை வாங்கிக்கொண்டு சிப்பைத் திருப்பித் தருகிறார். மாணவர் திருப்தியோடு போகிறார். அடுத்த வாரம் கல்லூரியில் பேராசிரியர் கேட்கிறார்: "மோட்டார் இரண்டு வினாடியில் நிற்கிறதே, ஐந்து வினாடி ஓட வைக்க முடியுமா?" அதற்குப் புரோகிராமில் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும். ஆனால் மாணவர் மீண்டும் ரயில் ஏற வேண்டும், மீண்டும் கூலி தர வேண்டும்.

இவராவது தானே எழுதிய புரோகிராமைக் கொண்டுவந்தவர். முழு புராஜெக்டையும் ரெடிமேடாக விலைக்கு வாங்குபவர் நிலை இன்னும் மோசம். அவர் கையில் இருக்கும் சிப்பில் விற்றவர் "லாக் பிட்" போட்டிருப்பார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படிக்க முடியாது. முழுவதையும் அழிக்கலாம், அவ்வளவுதான். தன் பெயரில் சமர்ப்பிக்கும் புராஜெக்டில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாத நிலையில் பட்டம் வாங்குகிறார்.

இந்த இருவருக்கும் தேவைப்பட்ட கருவி ஏறத்தாழ ரூ. 200லிருந்து ரூ. 350க்குள் அதே தெருவில் கிடைக்கிறது. அதன் பெயர் புரோகிராமர்.

பெயரே குழப்பம். கம்ப்யூட்டருக்கு ஆணைகள் எழுதும் மனிதருக்கும் புரோகிராமர் என்றுதான் பெயர். இது மனிதரல்ல, தீப்பெட்டி அளவுக் கருவி. ஒரு முனை கம்ப்யூட்டரின் யூஎஸ்பியில் நுழையும். மறு முனையிலிருந்து வரும் சில கம்பிகள் சிப்பின் கால்களில் சேரும். கம்ப்யூட்டரில் எழுதிய புரோகிராமை சிப்பின் நினைவகத்துக்குள் இறக்கி வைப்பது இதன் வேலை. பழைய தலைமுறைக் கடைக்காரர்கள் இன்னமும் "பர்னர்" என்பார்கள்.

ஜன்னல் வைத்த சிப்புகள்

மைக்ரோகன்ட்ரோலர் என்பது ஒரே சிப்புக்குள் அடங்கிய குட்டிக் கம்ப்யூட்டர். கணக்குப் போடும் பகுதி, நினைவகம், வெளியுலகோடு பேசும் கால்கள் எல்லாம் உள்ளேயே உண்டு. வாஷிங் மெஷினில், இன்வெர்ட்டரில், ஆட்டோ மீட்டரில், மின்சார மீட்டரில் இருப்பது இதுதான். இன்டெல் நிறுவனத்தின் 8051 வந்தது 1980இல். இந்தியக் கல்லூரிப் பாடத்திட்டங்களில் அது இன்றும் வாழ்கிறது.

அந்தக் காலச் சிப்பில் ஒருமுறை எழுதியதை அழிப்பது லேசான காரியமில்லை. சிப்பின் முதுகில் குவார்ட்ஸ் கண்ணாடி ஜன்னல் ஒன்று இருக்கும். அதைப் புற ஊதாக் கதிர் விளக்கின் கீழ் 15, 20 நிமிடம் வைத்தால்தான் பழைய எழுத்து அழியும். ஒரு சின்னப் பிழையைத் திருத்த அரை மணி நேரம். எழுதும் கருவி ஒரு விலை, அழிக்கும் விளக்குப் பெட்டி தனி விலை, ஜன்னல் வைத்த சிப் இன்னொரு விலை. ஜன்னல் இல்லாத பிளாஸ்டிக் சிப் மலிவுதான். ஆனால் அதில் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும். தப்பு செய்தால் குப்பைத் தொட்டி. பொழுதுபோக்குக்காரர்கள் இதைக் கண்டு ஒதுங்கியதில் ஆச்சரியமில்லை.

1993இல் நிலைமை மாறியது. மைக்ரோசிப் நிறுவனம் பிக் 16சி84 என்ற சிப்பைக் கொண்டுவந்தது. மின்சாரத்தாலேயே அழித்து மின்சாரத்தாலேயே எழுதலாம். அதே ஆண்டு அட்மெல் நிறுவனம் 8051 வகையில் ஃபிளாஷ் நினைவகம் கொண்ட ஏடி89சி51ஐ வெளியிட்டது. ஜன்னலும் விளக்கும் வழக்கொழிந்தன. சில டிரான்சிஸ்டர்கள், ரெசிஸ்டர்களை வைத்துக் கம்ப்யூட்டரின் பிரின்ட்டர் போர்ட்டிலோ சீரியல் போர்ட்டிலோ இணைக்கும் வீட்டுத் தயாரிப்புப் புரோகிராமர்கள் உலகெங்கும் பரவின.

இன்றைக்கு அந்த சர்க்யூட்டுகளைப் பழைய பத்திரிகைகளில் பார்த்து ஆசைப்படுபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அவை நம்பியிருந்த போர்ட்டுகள் இன்றைய லேப்டாப்பில் இல்லை. யூஎஸ்பியிலிருந்து சீரியலுக்கு மாற்றும் கேபிளை நடுவில் போட்டாலும் பெரும்பாலும் வேலைக்கு ஆகாது. பழைய சர்க்யூட்டுகள் போர்ட்டிலிருந்தே 12 வோல்ட் அளவு மின்னழுத்தத்தைத் திருடி, அதன் கம்பிகளைத் தனித்தனியாக வேகமாக ஆட்டிவைத்து வேலை செய்தவை. மாற்றுக் கேபிளுக்கு அந்த வலுவும் வேகமும் இருப்பதில்லை. நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க நினைத்து ஒரு மாத ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைக்கும் வழி இது.

முதல் கேள்வி

"எந்தப் புரோகிராமர் நல்லது?" என்று கேட்டால் பதில் இல்லை. "எந்த சிப்பில் எழுதப் போகிறீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. ஒவ்வொரு சிப் குடும்பமும் தனி மொழி பேசுகிறது. பழைய ஏவிஆர் சிப்புக்கு ஒரு வகை, புதிய ஏவிஆருக்கு வேறு வகை, பிக்குக்கு மற்றொன்று, எஸ்டிஎம்32க்கு இன்னொன்று. சாவியை வாங்கிவிட்டுப் பூட்டைத் தேடுவதில் அர்த்தமில்லை.

இரண்டாவது கேள்வி: புரோகிராமர் தேவைதானா? இன்று பலருக்கு நேர்மையான பதில், தேவையில்லை.

ஆர்டுயினோ ஊனோ போர்டில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்புக்குள் "பூட்லோடர்" என்ற அரை கிலோபைட் அளவுக் குட்டிப் புரோகிராம் ஏற்கெனவே குடியிருக்கிறது. யூஎஸ்பி கேபிள் வழியே வரும் புதிய புரோகிராமை அதுவே வாங்கித் தன் நினைவகத்தில் எழுதிக்கொள்கிறது. ஒய்-ஃபை வசதியுள்ள இஎஸ்பி32 சிப்பில் இந்த ஏற்பாடு தயாரிக்கும்போதே பதிக்கப்பட்டுவிடுகிறது, யாரும் அழிக்க முடியாது. 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் வெளியான ராஸ்பெரி பை பிக்கோ இன்னும் எளிது. போர்டில் உள்ள பட்டனை அழுத்தியபடி யூஎஸ்பியில் செருகினால் கம்ப்யூட்டரில் அது பென் டிரைவ் போலத் தெரியும். புரோகிராம் ஃபைலை இழுத்துப் போட்டால் போதும்.

மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் திட்டம் 2016இல் தொடங்கியதிலிருந்து ஆயிரக்கணக்கான பள்ளிகளில் ஆறாம் வகுப்பு மாணவர்களே இத்தகைய போர்டுகளைத் தொடுகிறார்கள். திருவனந்தபுரம் சி-டாக் உருவாக்கிய வேகா வரிசையின் தேஜஸ்32 சிப் கொண்ட ஏரீஸ் போர்டும் யூஎஸ்பி வழியே, ஆர்டுயினோ சாஃப்ட்வேரிலிருந்தே எழுதக்கூடியதுதான். கற்றுக்கொள்ளத் தொடங்கும் ஒருவர் போர்டும் கேபிளும் மட்டும் வாங்கினால் போதும். புரோகிராமருக்கான காசில் இரண்டு சென்சார் வாங்கலாம்.

அப்படியானால் புரோகிராமர் யாருக்கு? போர்டு இல்லாமல் தனிச் சிப்பை வைத்துச் சின்னதாக, மலிவாகச் செய்ய விரும்புபவருக்கு. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் கருவிக்கு ஒரு முழு போர்டு தேவையில்லை. ஏடிடைனி85 என்ற எட்டுக் கால் சிப் போதும். 8 கிலோபைட் நினைவகம் உண்டு. பேட்டரியில் மாதக்கணக்கில் ஓட வேண்டிய கருவி செய்பவருக்கும் தனிச் சிப்தான் சரி. பூட்லோடர் அழிந்துபோன ஆர்டுயினோவை உயிர்ப்பிக்கவும் புரோகிராமர் வேண்டும். ஒரே கருவியை ஐம்பது செய்து விற்க நினைக்கும் சிறு தொழிலதிபருக்குச் சொல்லவே வேண்டாம்.

ஏவிஆர்: இரண்டு மலிவு வழிகள்

நார்வேயின் டிராண்ட்ஹைம் நகரில் ஆல்ஃப்-எகில் போகன், வெகார்ட் வோலன் என்ற இரு மாணவர்களின் யோசனையாகப் பிறந்து அட்மெல் நிறுவனத்தால் தயாரிக்கப்பட்டது ஏவிஆர் குடும்பம். 2016இல் அட்மெலை மைக்ரோசிப் வாங்கிவிட்டது. ஏடிமெகா8, ஏடிமெகா328பி, ஏடிடைனி85 எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

இவற்றுக்கு மிக மலிவான புரோகிராமர் யூஎஸ்பிஏஎஸ்பி. ஜெர்மனியின் தாமஸ் ஃபிஷல் வடிவமைத்து சர்க்யூட்டையும் உள்ளிருக்கும் புரோகிராமையும் எல்லோருக்கும் திறந்துவிட்டார். ஆகவே யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம், தயாரிக்கிறார்கள். இதில் யூஎஸ்பிக்கென்று தனிச் சிப் கிடையாது. ஒரு ஏடிமெகா8 சிப்பே சாஃப்ட்வேர் தந்திரத்தால் யூஎஸ்பி பேசுகிறது. விலை குறைவதற்கு அதுவே காரணம். கம்ப்யூட்டர் பக்கத்தில் ஏவிஆர்டியூட் என்ற இலவச சாஃப்ட்வேர் இதை இயக்கும். லினக்சில் தனி டிரைவர் தேவையில்லை. விண்டோசில் சேடிக் என்ற இலவச சாஃப்ட்வேர் மூலம் டிரைவரை அமைத்துக்கொள்ள வேண்டும். புதியவர்கள் பாதிப் பேர் இந்தப் படியில்தான் தடுக்கி, "கருவி டூப்ளிகேட்" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள்.

இரண்டாவது வழிக்குச் செலவே இல்லை. வீட்டில் ஏற்கெனவே பழைய வகை ஆர்டுயினோ ஊனோ அல்லது நானோ இருந்தால் அதையே புரோகிராமராக மாற்றலாம். ஆர்டுயினோ சாஃப்ட்வேரின் உதாரணங்கள் பட்டியலில் "ஆர்டுயினோ ஐஎஸ்பி" என்ற புரோகிராம் இருக்கிறது. அதை ஏற்றி, 11, 12, 13 ஆகிய கால்களைப் புதிய சிப்பின் மோசி, மிசோ, எஸ்சிகே கால்களோடும், 10ஐ அதன் ரீசெட் காலோடும் சேர்த்து, ஐந்து வோல்ட்டும் கிரவுண்டும் கொடுத்தால் முடிந்தது. புரோகிராமை ஏற்றிய பிறகு ஊனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் செருக வேண்டும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் பேசத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஊனோ தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டு வேலையைக் கெடுக்கும்.

எது மேல்? மாதம் ஒரு சிப் எழுதுபவருக்கு ஆர்டுயினோ போதும். வாரம் நான்கு முறை எழுதுபவருக்கு, ஒவ்வொரு முறையும் கம்பி பிடுங்கிச் செருகும் தொல்லையை நினைத்தால், யூஎஸ்பிஏஎஸ்பிக்குக் கொடுக்கும் ரூ. 250 வீணல்ல.

ஒரு எச்சரிக்கை. ஏடிடைனி வரிசையிலேயே 2016க்குப் பின் வந்த புதிய சிப்புகள் யூபிடிஐ என்ற ஒற்றைக் கம்பி முறையில் எழுதப்படுபவை. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் யூஎஸ்பிஏஎஸ்பி இவற்றிடம் செல்லாது. அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. ரூ. 100, 150க்குக் கிடைக்கும் யூஎஸ்பி-சீரியல் மாட்யூல் ஒன்றும் ஒரு ரெசிஸ்டரோ டயோடோ இருந்தால் அதுவே புரோகிராமர் ஆகிவிடும். புதிய ஏவிஆர்டியூட் பதிப்புகளில் இதற்கு வழி இருக்கிறது.

பிக்: நீலச் சட்டையா, சிவப்புச் சட்டையா

இந்தியக் கல்லூரி லேப்களில் 8051க்கு அடுத்த இடம் பிக் 16எஃப்877ஏ சிப்புக்கு. இந்தக் குடும்பத்தின் சிறப்புத் தேவை, எழுதும்போது ரீசெட் காலில் ஏறத்தாழ 13 வோல்ட் கொடுக்க வேண்டும். ஆகவே இதன் புரோகிராமருக்குள் மின்னழுத்தத்தை உயர்த்தும் சர்க்யூட் வேண்டும். விலை கூடுவது அதனால்தான். புதிய பிக் சிப்புகளில் குறைந்த மின்னழுத்தத்திலேயே எழுதும் வசதியும் உண்டு.

சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் பிக்கிட் 2, பிக்கிட் 3 இவற்றின் நகல்கள். மைக்ரோசிப் நிறுவனம் இரண்டையும் கைவிட்டுப் புதியவற்றுக்குப் போய்விட்டது. அதன் எம்பிலேப் சாஃப்ட்வேரின் புதிய பதிப்புகள் பிக்கிட் 3ஐக்கூட ஏற்பதில்லை. நகலை வாங்குபவர் பழைய சாஃப்ட்வேரையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். 16எஃப்877ஏ, 16எஃப்84ஏ போன்ற பழைய சிப்புகளோடு மட்டும் வாழ்பவருக்கு இது குறையே அல்ல. நகல் பிக்கிட் 2 அவருக்கு வருடக்கணக்கில் உழைக்கும்.

புதிய சிப் வாங்குபவர் மைக்ரோசிப்பின் அசல் தயாரிப்பான ஸ்னாப்பைப் பார்க்கலாம். 2018இல் வெளியானது. பெட்டி இல்லாத வெறும் சர்க்யூட் போர்டு. ஆனால் இது 13 வோல்ட் தராது, சிப்புக்கு மின்சாரமும் தராது. 16எஃப்84ஏ கையில் வைத்திருப்பவர் ஸ்னாப் வாங்கினால் பணம் வீண். விலைப் பட்டியலில் இந்த ஒரு வரியைப் படிக்காமல் ஏமாறியவர்கள் பலர்.

எஸ்டிஎம்32, 8051, மற்றவை

நீல நிறப் போர்டாக "புளூ பில்" என்ற பெயரில் விற்கும் எஸ்டிஎம்32க்கு எஸ்டி-லிங்க் வி2 என்ற பென் டிரைவ் வடிவக் கருவியின் நகல் ரூ. 250லிருந்து ரூ. 500க்குள் கிடைக்கிறது. மின்சாரம், கிரவுண்டு தவிர இரண்டே கம்பிகள். இந்த விலையில் இது தரும் கூடுதல் வசதி "டீபக்" செய்வது. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நடுவில் நிறுத்தி, உள்ளே எந்த எண் என்ன ஆகியிருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொரு வரியாக நகர்த்தலாம். யூஎஸ்பிஏஎஸ்பி எழுதும், படிக்கும், அவ்வளவுதான். பிழை தேடுவதில் பாதி இரவைச் செலவழிப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். நகல் எஸ்டி-லிங்க் வாங்குபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் மேல் அச்சிட்ட கால் வரிசைகள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. பழைய கருவியின் கம்பிகளை அப்படியே புதியதில் செருகக் கூடாது.

எஸ்டி நிறுவனத்தின் நியூக்ளியோ போர்டு வாங்கினால் எஸ்டி-லிங்க் போர்டிலேயே வந்துவிடும். நகலுக்கு அஞ்சுபவர்களுக்கு இது நல்ல வழி.

8051 ரசிகர்கள் ஏடி89எஸ்52 போல "எஸ்" எழுத்து உள்ள சிப்பைக் கேட்டு வாங்க வேண்டும். அதை சர்க்யூட்டில் வைத்தபடியே எழுதலாம். பழைய "சி" எழுத்துச் சிப்பைக் கழற்றி, 12 வோல்ட் தரும் பெரிய புரோகிராமரில் வைத்துத்தான் எழுத முடியும். ஒரு எழுத்து வித்தியாசம், செலவில் பல மடங்கு வித்தியாசம்.

இதே எழுத்து விளையாட்டு சீனாவின் டபிள்யூசிஎச் நிறுவனத்தின் சிஎச்32வி003 சிப்பிலும் உண்டு. 2022இல் ஏறத்தாழ 10 அமெரிக்க சென்ட் விலையில் வந்து உலகையே திரும்பிப் பார்க்க வைத்த சிப் அது. அதற்கு வேண்டியது டபிள்யூசிஎச்-லிங்க்இ. கடைசி "இ" இல்லாத பழைய கருவி இதில் எழுதாது.

எல்லாச் சிப்பையும் எழுதும் "யுனிவர்சல்" புரோகிராமர்களும் இருக்கின்றன. சில ஆயிரம் ரூபாய் ஆகும். டிவி, இன்வெர்ட்டர் ரிப்பேர் கடைக்காரருக்கு அது முதலீடு. பொழுதுபோக்குக்காரருக்கு ஆடம்பரம். மலிவாகக் கிடைக்கிறதே என்று சிஎச்341ஏ என்ற கருவியை வாங்கிவிட்டு விழிப்பவர்களும் உண்டு. அதன் மேலும் "புரோகிராமர்" என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் அது கம்ப்யூட்டர் மதர்போர்டின் பயாஸ் போன்ற நினைவகச் சிப்புகளை எழுதுவதற்கானது.

நகலா, போலியா?

மலிவுச் சந்தையில் நகல் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். யூஎஸ்பிஏஎஸ்பி போலத் திறந்த வடிவமைப்பை யாரோ தயாரிப்பது சட்டபூர்வமானது, நியாயமானது. இன்னொரு நிறுவனத்தின் பெயரையே சிப்பில் பொறித்து விற்பது போலி. இந்தப் போலி சாதாரண வாடிக்கையாளர் தலையில் எப்படி விடியும் என்பதை 2014 அக்டோபர் காட்டியது. எஃப்டிடிஐ நிறுவனத்தின் யூஎஸ்பி-சீரியல் சிப்புகளைப் போல ஏராளமான போலிகள் உலவின. அந்த நிறுவனம் விண்டோஸ் அப்டேட் வழியே வந்த புதிய டிரைவரில் போலி சிப்பின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கிவிடும் ஏற்பாட்டைச் செய்தது. போலி என்று தெரியாமல் வாங்கியவர்களின் கருவிகள் ஒரே இரவில் செத்தன. கண்டனம் எழுந்ததும் அந்த டிரைவர் வாபஸ் ஆனது. அதைவிட, சிஎச்340 என்று தன் சொந்தப் பெயரிலேயே மலிவாக விற்கும் சிப் கொண்ட மாட்யூலை வாங்குவது புத்திசாலித்தனம்.

மின்னழுத்தம் இன்னொரு பொறி. பல யூஎஸ்பிஏஎஸ்பி நகல்களில் 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று ஜம்பர் இருக்கும். 3.3க்கு மாற்றினால் மின்சாரம் மட்டும்தான் மாறும், சமிக்ஞைக் கம்பிகளில் 5 வோல்ட்டே வரும். 5 வோல்ட்டைத் தாங்கும் ஏவிஆர் சிப்புக்கு இதனால் ஆபத்தில்லை. ஆனால் அதே சர்க்யூட்டில் 3.3 வோல்ட் ரேடியோ மாட்யூலோ மெமரி கார்டோ சேர்ந்திருந்தால் அது போய்விடும். எழுதும் நேரத்தில் அவற்றைக் கழற்றிவைப்பது நல்லது. மல்ட்டிமீட்டர் இல்லாதவர் புரோகிராமருக்கு முன்னால் அதை வாங்குவது உத்தமம்.

செத்த சிப் உண்மையில் செத்ததா?

கருவி வந்துவிட்டது. முதல் நாளில் பெரும்பாலோர் செய்யும் தவறுகள் மூன்று.

முதலாவது, வேகம். புதிதாக வாங்கிய ஏடிமெகா328பி, ஏடிடைனி85 சிப்புகள் 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும்படி தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. யூஎஸ்பிஏஎஸ்பியின் சாதாரண வேகம் அதற்குத் தாங்காது. 1.5 மெகாஹெர்ட்சுக்குக் கீழே ஓடும் சிப்புக்குக் கருவியில் ஜேபி3 என்று குறித்த இடத்தில் ஜம்பர் போட வேண்டும். இதைச் செய்யாமல் "சிப் பதில் சொல்லவில்லை" என்ற செய்தியைப் பார்த்து நல்ல சிப்பைக் குப்பையில் போட்டவர்கள் அநேகம். மாறாக, "எஸ்சிகே வேகத்தை அமைக்க முடியவில்லை" என்று நகல் கருவிகள் காட்டும் எச்சரிக்கைக்கு அஞ்ச வேண்டியதில்லை. எழுதும் வேலை நடந்துவிடும்.

இரண்டாவது, கம்பி. ஏடிமெகா328பி சிப்பில் ரீசெட் 1ஆம் கால், மோசி 17, மிசோ 18, எஸ்சிகே 19. மின்சாரம் 7 மற்றும் 20. கிரவுண்டு 8 மற்றும் 22. 20ஐயும் 22ஐயும் பலர் விட்டுவிடுகிறார்கள். கம்பிகள் ஒரு சாணுக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். சிப்புக்குப் பக்கத்திலேயே மின்சாரத்துக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வேண்டும். விலை ஒன்றிரண்டு ரூபாய்தான். பிரெட்போர்டு தொல்லைகளில் பாதியை அது தீர்த்துவிடும்.

மூன்றாவதுதான் விபரீதம். ஏவிஆரில் "ஃபியூஸ்" என்று சில அமைப்புகள் உண்டு. நிஜ ஃபியூஸ் போல எரிந்துபோவதில்லை, மாற்றி எழுதக்கூடியவைதான். ஆனால் தப்பாக எழுதினால் கதவைச் சாத்திச் சாவியை உள்ளே வைத்த கதையாகிவிடும். வெளிக் கிரிஸ்டலில் ஓடு என்று ஃபியூஸ் எழுதிவிட்டு கிரிஸ்டல் வைக்காவிட்டால் சிப் ஊமையாகிவிடும். கிரிஸ்டலை வைத்தால் எழுந்துவிடும். ஏடிடைனி85இல் ரீசெட் காலைச் சாதாரணக் காலாக்கும் ஃபியூஸ் ஒன்று உண்டு. கால் பற்றாக்குறையில் ஆசைப்பட்டு அதை எழுதினால் யூஎஸ்பிஏஎஸ்பி, ஆர்டுயினோ ஐஎஸ்பி இரண்டுக்குமே கதவு மூடிவிடும். ரீசெட் காலில் 12 வோல்ட் கொடுக்கும் தனிச் சர்க்யூட்டால்தான் மீட்க முடியும்.

ஆகவே ஒழுங்கு இதுதான். முதலில் சிப்பின் அடையாள எண்ணை மட்டும் படிப்பது. அது சரியாக வந்தால் கம்பியும் வேகமும் சரி என்று அர்த்தம். பிறகு இருக்கும் ஃபியூஸ் மதிப்புகளைப் படித்துக் காகிதத்தில் குறித்துக்கொள்வது. பிறகு புரோகிராமை எழுதுவது, எழுதியதைச் சரிபார்ப்பது. ஃபியூசைத் தொடுவது கடைசி. தேவை இல்லையென்றால் தொடாமலே இருப்பது இன்னும் நல்லது.

யார் எதை வாங்கலாம்?

பள்ளி மாணவருக்குப் புரோகிராமர் வேண்டாம், யூஎஸ்பி போர்டு போதும். ஆர்டுயினோவில் தேர்ந்து தனிச் சிப்புக்குத் தாவ நினைப்பவர் முதலில் கையிலிருக்கும் ஆர்டுயினோவையே புரோகிராமராக்கிப் பார்க்கலாம். பிடித்துப்போனால் யூஎஸ்பிஏஎஸ்பி. கல்லூரி பிக் 16எஃப்877ஏ மீது நிற்கிறது என்றால் நகல் பிக்கிட் 2. வேலைவாய்ப்பை நினைத்து 32 பிட் சிப் கற்பவருக்கு எஸ்டி-லிங்க் அல்லது நியூக்ளியோ போர்டு. எதை வாங்கினாலும், "சரியில்லையென்றால் மாற்றித் தருவீர்களா?" என்று கடையில் கேட்டு, பில்லோடு வாங்குவது நல்லது. இணையத்தில் இருபது ரூபாய் குறைவாகக் கிடைப்பதைவிட அது லாபம்.

நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு கருவி வாங்கினால் தலைக்கு ஒரு சினிமா டிக்கெட் செலவுகூட ஆகாது. முடிந்தால் இரண்டாக வாங்கலாம். அதற்கு வேடிக்கையான காரணம் ஒன்று உண்டு. யூஎஸ்பிஏஎஸ்பிக்குள் இருப்பதும் ஒரு மைக்ரோகன்ட்ரோலர்தான். அதற்குள்ளும் யாரோ ஒருவர் புரோகிராம் எழுதித்தான் ஆக வேண்டும். அந்தப் புரோகிராம் கெட்டுப்போனாலோ புதிய பதிப்பு வந்தாலோ, கருவியின் ஜேபி2 என்ற இடத்தைக் குறுக்கே இணைத்து, இன்னொரு புரோகிராமரால் அதைத் திருத்தலாம். இன்னொன்று இல்லாதவர் ஆர்டுயினோவைக் கொண்டே செய்யலாம்.

முதல் முறை இதைச் செய்து முடிக்கும் மாணவர், அடுத்த ஜனவரியில் லாமிங்டன் ரோடுக்கு சிப் வாங்க வருவார். பென் டிரைவைக் கொண்டுவர மாட்டார்.